கல்லூரி எண்களை எவ்வளவு நம்பலாம்? ஃபிலடெல்ஃபியாவின் டிராஃப்ட் தேர்வுகளை முன்வைத்து ஒரு கேள்வி

வடகரை எழுதியது:

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களை என்பிஏ என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் எப்படி எடைபோட்டு, டிராஃப்ட்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் ஆண்டு நிகழ்வில்) தேர்ந்தெடுக்கின்றன என்பதைச் சில காலமாக ஆர்வத்துடன் படித்துவருகிறேன். பொதுவாகப் பேசும்போது எல்லாக் கருத்துகளும் சரியாகவே தோன்றுவதால், ஓர் அணியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் தேர்வுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். நான் எடுத்துக்கொண்டது ஃபிலடெல்ஃபியா செவன்ட்டி சிக்ஸர்ஸ். 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதல் மூன்று இடங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அந்த அணிக்குக் கிடைத்தது. நான்கு முறையும் அது கல்லூரி வீரர்களையே எடுத்தது. படிப்பதற்கு இதைவிட வளமான பட்டியல் அமையாது என்று நினைக்கிறேன்.

என்னை உறுத்துவது 2017ஆம் ஆண்டு. பாஸ்டனிடம் இருந்த முதல் தேர்வைப் பெறுவதற்காக, ஃபிலடெல்ஃபியா தன் மூன்றாவது தேர்வையும் வருங்கால முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் கொடுத்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தது. அவர் ஆட்டத்துக்கு 23 புள்ளிகள் எடுத்தவர். தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டுகளில் 41.3 சதவீதம் கூடைக்குள் போட்டவர். மூன்றாம் இடத்துக்கு இறங்கிய பாஸ்டன், டியூக்கின் ஜேசன் டேட்டமை எடுத்தது. அவருடைய மூன்று புள்ளி சதவீதம் 34.2. பிறகு நடந்ததை எல்லோரும் அறிவோம். ஃபுல்ட்ஸ் முதல் பருவத்தில் 14 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். 2019 பிப்ரவரியில் ஒர்லாண்டோவுக்கு அனுப்பப்பட்டார். டேட்டம் 2024இல் கோப்பை வென்ற அணியின் தூணாக நின்றார்.

கதை அதோடு முடியவில்லை. ஃபுல்ட்ஸைக் கொடுத்து ஃபிலடெல்ஃபியா பெற்றவற்றுள் ஒக்லஹோமா சிட்டியின் 2020ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வும் ஒன்று. அது முதல் இருபது இடங்களுக்குள் விழுந்தால் கைமாறாது என்பது நிபந்தனை. அது சரியாக 21ஆம் இடத்தில் விழுந்தது. அந்த இடத்தில்தான் கென்டக்கியின் டைரீஸ் மேக்ஸி கிடைத்தார். அவருடைய கல்லூரி மூன்று புள்ளி சதவீதம் வெறும் 29.2.

என் அட்டவணையில் மூன்று புள்ளி சதவீதம் என்ற அந்த ஒரு பத்தியை மட்டும் வைத்து மூவரையும் வரிசைப்படுத்தினால் ஃபுல்ட்ஸ், டேட்டம், மேக்ஸி என்று வருகிறது. தொழில்முறை ஆட்டத்தில் ஃபுல்ட்ஸ் மற்ற இருவருக்கும் வெகுவாகப் பின்தங்கிவிட்டார். 2017 ஜூனில் பெரும்பாலான பட்டியல்கள் ஃபுல்ட்ஸையே முதலிடத்தில் வைத்திருந்தன என்பதால், அணி நிர்வாகத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கல்லூரி எண்களுக்குள் வேறொரு செய்தி இருந்ததா, அதை அன்றே படித்திருக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. அல்லது எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஆட்டங்களைப் பார்ப்பது மட்டுமே சரியான வழியா?

பின்வரிசை எழுதியது:

நீங்கள் தேடும் செய்தி அடுத்த பத்தியிலேயே இருக்கிறது, வடகரை. மூவரின் ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் இலவச எறிதல்) சதவீதத்தைப் பாருங்கள்: ஃபுல்ட்ஸ் 64.9, டேட்டம் 84.9, மேக்ஸி 83.3.

கல்லூரி வீரர் ஒருவர் என்பிஏவில் தொலைவிலிருந்து எப்படி எறிவார் என்பதைக் கணிக்க முயல்பவர்கள், அவருடைய மூன்று புள்ளி சதவீதத்துக்கு இணையாக, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவே, ஃப்ரீ த்ரோவுக்கு எடை கொடுக்கிறார்கள். காரணம் எளிய கணக்கு. கல்லூரிப் பருவம் முப்பது, முப்பத்தைந்து ஆட்டங்களில் முடிந்துவிடும்; ஓராண்டு மட்டும் ஆடிவிட்டு டிராஃப்ட்டுக்கு வருபவர் மொத்தமாக நூறு, நூற்றைம்பது மூன்று புள்ளி ஷாட்டுகளே எறிந்திருப்பார். உண்மையில் 35 சதவீதத் திறன் கொண்ட ஒருவர் நூறு முறை எறிந்தால், வெறும் தற்செயலாலேயே அவருடைய கணக்கு 25 முதல் 45 வரை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம். மேக்ஸியின் 29, டேட்டமின் 34, ஃபுல்ட்ஸின் 41 ஆகிய மூன்றும் அந்த வீச்சுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அரிசோனாவின் டெரிக் வில்லியம்ஸ் 2010-11 பருவத்தில் 74 முறை எறிந்து 42ஐ உள்ளே போட்டார், அதாவது 56.8 சதவீதம். 2011 டிராஃப்ட்டில் இரண்டாம் இடத்தில் மினசோட்டா அவரை எடுத்தது. என்பிஏவில் அவருடைய சதவீதம் முப்பதை ஒட்டியே நின்றது.

மேலும், மூன்று புள்ளி ஷாட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒருவர் யாருமில்லாத மூலையில் நின்று நிதானமாக எறிகிறார். இன்னொருவர் எறிவதற்கான நேரம் முடியப்போகும் இருபத்தைந்தாவது வினாடியில் தடுப்பவரின் கை முகத்துக்கு நேராக நீண்டிருக்க எறிகிறார். ஃப்ரீ த்ரோவோ 15 அடித் தொலைவில், தடுப்பவர் இல்லாமல், எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பது. அது கையின் பக்குவத்தைக் கலப்பில்லாமல் காட்டுகிறது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஃபுல்ட்ஸும் டேட்டமும் கல்லூரியில் ஆடிய 2016-17 பருவத்தில் மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. 2019-20இல்தான் அது 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிப் போடப்பட்டது. மேக்ஸி ஆடியது அந்த முதல் பருவத்தில். என்பிஏ கோடு மூலைகளில் 22 அடி, மற்ற இடங்களில் 23 அடி 9 அங்குலம். ஆகவே ஃபுல்ட்ஸின் 41 சதவீதம் மூன்றடி நெருக்கத்தில் எடுக்கப்பட்டது. மேக்ஸியின் 29 சதவீதம் அதைவிடக் கடினமான கோட்டிலிருந்து வந்தது. வெவ்வேறு ஆண்டுகளின் வீரர்களை ஒரே அட்டவணையில் வைக்கும்போது இதைத் திருத்திக்கொள்ளாவிட்டால் ஒப்பீடே கோணலாகிவிடும். மேக்ஸி 2021-22 என்பிஏ பருவத்தில் 42.7 சதவீதம் எறிந்தார் என்பதை உங்கள் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக, ஃபுல்ட்ஸின் வீழ்ச்சியை ஃப்ரீ த்ரோ எண் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று நான் வாதிட மாட்டேன். அவருடைய தோளில் நரம்புகள் அழுத்தப்படும் கோளாறு இருப்பது 2018 டிசம்பரில் கண்டறியப்பட்டது. அவர் எறியும் முறை சிதைந்துபோனதற்கும் அதற்கும் இருந்த தொடர்பைக் கல்லூரிப் பதிவேட்டில் யாராலும் படித்திருக்க முடியாது. 64.9 என்ற எண் செய்திருக்கக் கூடியது ஒன்றுதான்: 41.3 மீது வைத்த நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்திருக்கும். ஒரு தேர்வை இன்னொரு முதல் சுற்றுத் தேர்வு சேர்த்துக் கொடுத்து வாங்கும்போது அந்தக் கொஞ்சமும் பெரிது.

எதிர்மாறான சான்றையும் மறைக்கக் கூடாது. 2014இல் ஃபிலடெல்ஃபியா மூன்றாம் இடத்தில் எடுத்த ஜோயல் எம்பீடின் ஃப்ரீ த்ரோ, கேன்சஸ் கல்லூரியில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தது. என்பிஏவில் அவர் எண்பதுக்கு மேல் எறிகிறார். ஆனால் அவர் கேமரூனில் பதின்ம வயதின் நடுப்பகுதியில்தான் கூடைப்பந்தையே தொடங்கியவர். ஏழு வயதிலிருந்து ஆடிவரும் ஒருவரின் 68க்கும், மூன்று ஆண்டுகளாக ஆடும் ஒருவரின் 68க்கும் ஒரே பொருள் இருக்க முடியாது.

அடுத்து, ஸ்டீல் எண்ணிக்கை, அதாவது எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்த எண்ணிக்கை. இதில் ஃபிலடெல்ஃபியாவே இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது. 2013இல் 11ஆம் இடத்தில் எடுத்த மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ், சிரக்யூஸில் ஆட்டத்துக்கு 2.8 ஸ்டீல் எடுத்தார். சிரக்யூஸ் பயிற்சியாளர் ஜிம் போஹைம் பல்லாண்டுகளாக 2-3 சோன் தடுப்பாட்டத்தையே (ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் முறை; முன்னால் இருவர், பின்னால் மூவர்) நம்பியவர். அந்த அமைப்பில் நெடிய கைகளுடைய கார்டு (வெளியே நின்று பந்தைக் கையாள்பவர்) ஒருவர் மேல் வரிசையில் நின்றால் பாஸ்கள் தாமாகவே கையில் வந்து விழும் என்று பலர் ஐயப்பட்டார்கள். 2019இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த மத்தீஸ் தைபுலும் சோன் அமைப்பிலிருந்து வந்தவரே. போஹைமிடம் நீண்டகாலம் துணைப் பயிற்சியாளராக இருந்த மைக் ஹாப்கின்ஸ், 2017இல் வாஷிங்டனுக்குப் போனபோது அந்த முறையையும் கூடவே கொண்டுபோனார். தைபுல் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்கு 3.5 ஸ்டீலும் 2.3 பிளாக்கும் (எறிந்த பந்தைத் தட்டிவிடுதல்) எடுத்தார். அவரைக் குறித்தும் அதே ஐயம் எழுந்தது. ஆனால் அவர் 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் என்பிஏவின் சிறந்த தடுப்பாட்ட அணிகளில் இரண்டாம் அணியில் இடம்பெற்றார். கார்ட்டர்-வில்லியம்ஸ் தன் முதல் ஆட்டத்திலேயே அப்போதைய சாம்பியன் மயாமிக்கு எதிராக 22 புள்ளிகள், 12 அசிஸ்ட் (கூடையாக மாறிய பாஸ்), 9 ஸ்டீல் எடுத்து, அந்த ஆண்டின் சிறந்த புதுவரவு விருதையும் வென்றார். அடுத்த பருவம் முடிவதற்குள் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். இருவரும் ஸ்டீல் எடுக்கும் திறனைத் தொழில்முறைக்குக் கொண்டுவரவே செய்தார்கள். கார்ட்டர்-வில்லியம்ஸைக் கீழே இழுத்தது அவருடைய ஷாட். அந்தக் குறை, முப்பதுக்குக் கீழே இருந்த அவருடைய கல்லூரி மூன்று புள்ளிக் கணக்கிலேயே இருந்தது. ஃப்ரீ த்ரோவும் எழுபதை எட்டாததால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் வழியில்லை.

எண் அப்படியே கைமாறினாலும் அதற்கு மதிப்பு இருக்கும் என்று உறுதியில்லை என்பதற்கு ஜலீல் ஒகாஃபோர் சான்று. 2015இல் டியூக்குடன் தேசியக் கோப்பை வென்று மூன்றாம் இடத்தில் எடுக்கப்பட்டவர் அவர். கல்லூரியில் ஆட்டத்துக்கு 17 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். என்பிஏவில் முதல் ஆண்டிலும் அவ்வாறே எடுத்தார். அந்தப் பருவத்தில் ஃபிலடெல்ஃபியா 10 ஆட்டங்களில் வென்று 72இல் தோற்றது. கூடைக்கு முதுகைக் காட்டி நின்று புள்ளி எடுக்கும் ஒரு சென்டர், தடுப்பாட்டத்தில் நகர முடியாதவராக இருந்தால், அவருடைய 17 புள்ளிகள் அணிக்கு எந்த வெற்றியையும் தருவதில்லை.

ஆட்ட வேகத்தையும் எதிரணிகளின் தரத்தையும் திருத்தாமல் எந்தச் சராசரியையும் பயன்படுத்தாதீர்கள் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன; நூறு பொசெஷன்களுக்கு (அணியின் கைக்குப் பந்து வரும் முறைகள்) எவ்வளவு என்று மாற்றி, எதிரணி வலிமையைக் கணக்கில் சேர்த்த பட்டியல்கள் எளிதில் கிடைக்கின்றன.

கூடையருகே எழுதியது:

பின்வரிசை சொன்ன கணக்கு முழுவதையும் ஏற்கிறேன். ஆனால் மேக்ஸி 21ஆம் இடம் வரை கீழே இறங்கியதற்கு 29.2 என்ற எண் மட்டுமே காரணமில்லை. அவர் கென்டக்கியில் என்ன வேலைக்கு வைக்கப்பட்டிருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த அணியில் ஆஷ்டன் ஹேகன்ஸ், இமானுவேல் குவிக்லி, மேக்ஸி என்று மூன்று கார்டுகள் ஒன்றாக ஆடினார்கள். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடங்குவது பெரும்பாலும் ஹேகன்ஸ். மேக்ஸி ஓரத்தில் காத்திருந்து இரண்டாவதாகத் தாக்க வேண்டியவர். என்பிஏவில் தடுக்கும் அணியின் ஆள் யாரையும் காக்காமல் கூடைக்கடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரியில் அந்த விதி இல்லை. அதனால் உயரமான சென்டர் ஒருவர் கூடைக்கு முன்னால் நிரந்தரமாக நின்றுவிடுவார். உள்ளே வெட்டிச் செல்லும் கார்டுக்கு வழியே இருக்காது. என்பிஏவில் மேக்ஸியின் பெரும் ஆயுதமாக விளங்கும் வேகம், கல்லூரி எண்களில் பாதிகூடத் தெரியாமல் போனதற்கு இந்த நெரிசல்தான் காரணம்.

அதைப் பார்க்க விரும்பினால் 2019 நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக அவர் ஆடிய முதல் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். தரவரிசையில் முதலிரு இடங்களில் இருந்த அணிகள் மோதிய ஆட்டம் அது. மேக்ஸி பெஞ்சிலிருந்து வந்து 26 புள்ளிகள் எடுத்தார். புள்ளிகளை எண்ணாமல் அவருடைய கால்களை மட்டும் கவனியுங்கள். பாஸ் கைக்கு வருவதற்கு முன்பே இடக்கால் எங்கே ஊன்றப்படுகிறது, தடுப்பவர் ஓடிவரும் வேகத்தைப் பயன்படுத்தி அவரைத் தாண்டுவதற்கு எத்தனை டிரிபிள் தேவைப்படுகிறது, கூடைக்கடியில் நெடியவர் கையைத் தூக்கும்போது பந்தை விடும் உயரம் எப்படி மாறுகிறது என்பவை எந்த அட்டவணையிலும் வருவதில்லை. ஓராண்டு முழுவதும் முப்பதைத் தாண்டாத ஒருவரின் கையில் பந்து இத்தனை மென்மையாகப் புறப்படுகிறதே என்ற முரண்பாட்டை அந்த ஆட்டத்தில் கண்ணால் காணலாம். பின்வரிசை காட்டிய 83.3 அந்த முரண்பாட்டுக்கு விளக்கம் தருகிறது.

கென்டக்கி கார்டுகளிடம் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. டெவின் புக்கர் 2014-15 பருவத்தில் 38 ஆட்டங்களில் ஆடியும் ஒன்றில்கூடத் தொடக்க ஐவரில் இடம்பெறவில்லை. 13ஆம் இடத்தில் எடுக்கப்பட்டார். ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரும் பெஞ்சிலிருந்துதான் தொடங்கினார். அவரை எடுத்தது 11ஆம் இடத்தில். திறமையாளர்கள் நிறைந்த கல்லூரியில் ஒருவரின் எண் சிறுத்துப்போகிறது. வெற்றி குறைந்த அணியில் அது பெருத்துப்போகிறது. ஃபுல்ட்ஸின் வாஷிங்டன் அந்த ஆண்டு 9 ஆட்டங்களில் மட்டுமே வென்றது, பந்து எப்போதும் அவர் கையிலேயே இருந்தது. இரண்டு சூழல்களையும் சமமாக்கிப் பார்க்கும் சூத்திரம் எதையும் நான் நம்புவதில்லை.

தைபுலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோன் அமைப்பில் நிற்பவருக்குத் தானாக விழும் ஸ்டீல்களுக்கும், அவர் தேடிப்போய் எடுக்கும் ஸ்டீல்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஆட்டப் பதிவில்தான் காண முடியும். தைபுல் தன் இடத்தைவிட்டுப் புறப்படும் நேரத்தைப் பாருங்கள்: பாஸ் கொடுப்பவரின் தோள் திரும்பும்போதே அவர் கிளம்பிவிடுகிறார். ஒரு அடி பிந்தினாலும், எறிபவருக்குப் பின்னாலிருந்தே கையை நீட்டி மூன்று புள்ளி ஷாட்டைத் தட்டிவிடுகிறார். சோன் அமைப்பு இதை யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. சோன் என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தள்ளிவைத்த ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக வீரர்களைப் பார்த்து மதிப்பிடுபவர்கள்) இதைப் பார்த்தும் எடைபோடவில்லை என்றே கருதுகிறேன்.

வடகரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கோட்டின் தொலைவு மாறியதை நான் கணக்கில் எடுத்திருக்கவே இல்லை. அட்டவணையை அதற்கேற்பப் பிரித்துக்கொள்கிறேன்.

இன்னொரு தேர்வைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். கார்ட்டர்-வில்லியம்ஸைக் கொடுத்தபோது கிடைத்த லேக்கர்ஸின் தேர்வு, 2018இல் பத்தாவது இடமாக வந்தது. அதில் ஃபிலடெல்ஃபியா வில்லனோவாவின் மிக்கேல் பிரிட்ஜஸை எடுத்து, அதே இரவில் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, 16ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட டெக்சஸ் டெக்கின் ஸைர் ஸ்மித்தையும் மயாமியின் 2021 முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கியது. வயது குறைந்தவரை விரும்புவதுதான் அறிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த விதி இங்கே ஏன் பொய்த்தது?

நடுக்கோடு எழுதியது:

விதி பொய்த்தது என்று சொல்வதைவிட, அதை யாருக்காகப் பயன்படுத்தினார்கள் என்று கேட்பது நல்லது.

வயதுக்கு எடை கொடுப்பதில் தவறே இல்லை. 19 வயதில் 22 வயதுக்காரர்களோடு மோதி ஆட்டத்துக்கு 11 புள்ளிகள் எடுப்பவரிடம் இன்னும் வளர இடமிருக்கிறது. அதே எதிரணிகளோடு 22 வயதில் 18 எடுப்பவர் தன் உடல் வளர்ச்சியின் பயனை ஏற்கெனவே அறுவடை செய்துவிட்டார். ஸ்மித் அப்போது 19 வயது இளைஞர், ஒரே ஆண்டு ஆடியவர், துள்ளி எழும் ஆற்றலில் அந்த ஆண்டு வந்தவர்களுள் முன்னணியில் இருந்தவர். பிரிட்ஜஸுக்கு 22 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வில்லனோவாவில் ஓராண்டு ஆடாமல் இருந்து பயிற்சி பெற்று, மூன்று ஆண்டுகள் ஆடி, 2016, 2018 தேசியக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தவர்.

ஆனால் நம்பகத்தன்மையில் இருவருக்கும் இடையே இருந்த தூரத்தைப் பாருங்கள். பிரிட்ஜஸ் கடைசி ஆண்டில் 200க்கும் மேற்பட்ட மூன்று புள்ளி ஷாட்டுகளில் 43.5 சதவீதம் எறிந்தார். ஃப்ரீ த்ரோ 85ஐ ஒட்டியிருந்தது. ஸ்மித்தின் மூன்று புள்ளி சதவீதம் 45. காகிதத்தில் அதுதான் மேல். ஆனால் அவர் பருவம் முழுவதும் எறிந்தது 40 ஷாட்டுகள். பின்வரிசை போட்ட கணக்குப்படி அந்த 40 ஷாட்டுகளிலிருந்து அவர் நல்ல ஷூட்டரா, சுமாரான ஷூட்டரா என்றுகூடச் சொல்ல முடியாது.

அத்துடன், அப்போதைய ஃபிலடெல்ஃபியா வளரக் காத்திருக்கும் அணியாக இருக்கவில்லை. 2017-18 பருவத்தில் 52 ஆட்டங்களை வென்றிருந்தது. எம்பீட் உள்ளே நிற்க, பென் சிமன்ஸ் பந்தைக் கொண்டுவர, இருவருக்கும் இடம் ஏற்படுத்தித் தரும் ஷூட்டரும், எதிரணியின் சிறந்த விங் வீரரைக் (ஓரங்களில் ஆடுபவரை) காக்கும் ஆளும் உடனே தேவைப்பட்டார்கள். அந்த இரண்டையும் ஒருவரே செய்யக்கூடியவராகப் பிரிட்ஜஸ் இருந்தார். முதல் சுற்று வீரரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் உறுதியானவை, மூன்றாம் நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பம். நான்கு ஆண்டுகளுக்குள் மலர்ந்துவிடாத திறமையின் பயன், பெரும்பாலும் அவரை எடுத்த அணிக்குக் கிடைப்பதில்லை. கோப்பைக்கு அருகில் இருக்கும் அணிக்கு அந்த நான்கு ஆண்டுகளும் இன்னும் சுருங்கிவிடுகின்றன. இந்தக் காரணத்தால்தான், இருபதாம் இடத்துக்குப் பிறகு தேர்ந்தெடுக்கும் நல்ல அணிகள் முதிர்ந்த கல்லூரி வீரர்களைத் தயங்காமல் எடுக்க வேண்டும் என்று நான் தொடர்ந்து வலியுறுத்துகிறேன். அதே 2018இல் வில்லனோவாவின் ஜேலன் பிரன்சன் 33ஆம் இடத்தில் போனார். இரண்டு தேசியக் கோப்பைகள் வென்று, அந்த ஆண்டின் தேசியச் சிறந்த வீரர் விருதும் பெற்ற ஒருவரை 32 முறை தாண்டிப் போனார்கள். அவருடைய உயரமும் வயதும் மட்டுமே அவர்கள் கண்ணில் பட்டன.

ஸ்மித்துக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கோடையிலேயே அவருடைய பாதம் முறிந்தது; அதன் பிறகு உணவு ஒவ்வாமையால் கடும் நலக்குறைவுக்கு உள்ளாகி அறுவைச் சிகிச்சை வரை போனார். என்பிஏவில் மொத்தம் 13 ஆட்டங்களே ஆட முடிந்தது. அந்த முடிவை வைத்து அவரை எடைபோட்ட முறையைக் குற்றம் சொல்ல நான் விரும்பவில்லை. நோய் வராமல் இருந்திருந்தாலும் அந்த அணிக்கு அது பொருந்தாத தேர்வு என்பதே என் கருத்து.

இப்போது வயதைக் கணக்கிடுவதே மாறிவிட்டது என்பதையும் மனத்தில் வையுங்கள். 2021 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்டலாம். கொரோனா காலத்தில் ஆடியவர்களுக்கு ஓராண்டு கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. இரண்டாம் சுற்றில் போகக்கூடியவர்கள் பலர் இன்னும் ஓராண்டு தங்கிவிடுகிறார்கள். 23, 24 வயதுக்காரர்கள் நிறைந்த ஆட்டங்களில் 18 வயதில் கூப்பர் ஃபிளாக் செய்துகாட்டியதன் எடை, பத்தாண்டுகளுக்கு முன் ஒரு முதலாண்டு மாணவர் செய்ததைவிட அதிகம். முதலாண்டு, நான்காம் ஆண்டு என்று வகுப்பை எழுதாமல், பிறந்த தேதியையே அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேற்கு வாசல் எழுதியது:

மருத்துவ அறிக்கையை யாரும் பேசவில்லையே என்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். எம்பீட் கேன்சஸில் ஆடியது 28 ஆட்டங்கள். முதுகெலும்பு விரிசலால் தேசியத் தொடரில் ஆடவில்லை. டிராஃப்ட்டுக்குச் சில நாள்களுக்கு முன் பாதத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. முதலிடத்துக்குப் பேசப்பட்டவர் மூன்றாம் இடத்துக்கு வந்ததற்கு அதுதான் காரணம். முதல் இரண்டு பருவங்கள் அவர் ஆடவே இல்லை. 2023இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றார். போர்ட்லண்ட் 2007இல் கெவின் டுரான்ட்டை விட்டுவிட்டு எடுத்த கிரெக் ஓடனோ, முழங்காலால் என்பிஏவில் 105 ஆட்டங்களோடு முடிந்துபோனார். இருவரும் கல்லூரியில் ஆட்களை அச்சுறுத்திய சென்டர்கள். வெளியிலிருந்து பார்க்கும் நம்மிடம் அவர்களைப் பிரித்துக்காட்டும் எதுவும் இருக்கவில்லை. அணியின் மருத்துவர்கள் பார்த்த படங்கள் நமக்குக் கிடைக்காது என்பதால், டிராஃப்ட் இரவில் ஒருவர் எதிர்பாராமல் இறங்கினால், அணிகள் அறிவிழந்துவிட்டன என்று எடுத்த எடுப்பில் தீர்ப்பளிக்காமல் இருப்பது நல்லது.

வடகரை எழுதியது:

பட்டியலில் எஞ்சியிருப்பவர் பென் சிமன்ஸ். 2016இல் முதலிடம். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 33 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 19 புள்ளி, கிட்டத்தட்ட 12 ரீபவுண்ட் (கூடை தவறிய பந்தைப் பிடித்தல்), 5 அசிஸ்ட். அவருடைய மூன்று புள்ளி சதவீதத்தைப் பின்வரிசையின் கணக்கில் எப்படிப் பொருத்துவது?

பின்வரிசை எழுதியது:

அதைச் சதவீதமாக எழுதாதீர்கள். அவர் பருவம் முழுவதும் மூன்று முறை எறிந்து ஒன்றை உள்ளே போட்டார். 33 சதவீதம் என்று எழுதினால் டேட்டமுக்குப் பக்கத்தில் போய் அமர்ந்துவிடுவார்.

அந்த மூன்று என்ற எண்ணிக்கைதான் அவரைப் பற்றிய மிக முக்கியமான செய்தி. பந்து பெரும்பாலும் தன் கையிலேயே இருந்தும், 33 ஆட்டங்களில் மூன்று முறைக்கு மேல் ஒருவர் தொலைவிலிருந்து எறியவில்லை என்றால், அது அவருடைய தீர்மானம். மேக்ஸி 29 சதவீதம் எறிந்த காலத்திலும் தயங்காமல் நூறு முறைக்கு மேல் எறிந்தார். திறமை வளர்வதற்கு முன் துணிச்சல் இருக்க வேண்டும்; தவறவிட்டாலும் மறுபடி எறியும் ஒருவருக்குப் பயிற்சியாளர் கற்றுக்கொடுக்கலாம். சிமன்ஸின் ஃப்ரீ த்ரோ 67 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு பத்திகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. என்பிஏவில் அவர் முதல் மூன்று புள்ளி ஷாட்டை உள்ளே போட்டது 2019 நவம்பரில்தான். ஃப்ரீ த்ரோவோ கல்லூரியில் இருந்ததைவிடக் கீழே போனது.

இருந்தும் அவரை முதலிடத்தில் எடுத்ததை நான் தவறென்று சொல்ல மாட்டேன். அந்த உயரத்தில் அவ்வளவு வேகமாக ஓடி, பார்க்காமலே பாஸ் கொடுக்கும் ஒருவர் மூன்று முறை ஆல்-ஸ்டார் ஆனதில் வியப்பில்லை. அணி செய்திருக்க வேண்டியது, அவர் எறியப் பழகிவிடுவார் என்று எதிர்பார்க்காமல், எறியாத சிமன்ஸைச் சுற்றி எத்தகைய அணியைக் கட்டலாம் என்று முதல் நாளிலிருந்தே திட்டமிடுவது. எம்பீடும் அவரும் ஒரே இடத்தில் நின்று மோதிக்கொண்ட பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்ட) ஆட்டங்களை மீண்டும் பார்த்தால், நடுக்கோடு பிரிட்ஜஸைப் பற்றிச் சொன்னது உங்களுக்கு இன்னும் தெளிவாகும்.

அட்டவணையைத் திருத்தும்போது, எல்லாச் சதவீதங்களுக்கும் இடப்பக்கத்தில் முயற்சிகளின் எண்ணிக்கையை எழுதிவிடுங்கள்; அது நூறுக்குக் கீழே இருக்கும் வரிகளில் சதவீதத்தைப் பென்சிலால் எழுதுங்கள். திருத்திய அட்டவணையை இங்கே இட்டால், 2024இல் 16ஆம் இடத்தில் எடுத்த ஜாரெட் மெக்கேனிலிருந்து தொடங்கி, பிந்தைய ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். அவருக்கு மூன்று புள்ளி 41, ஃப்ரீ த்ரோ 88 என்று இரண்டு பத்திகளும் ஒத்துப்போகின்றன.